சுகாதாரச் சட்டமும் அதை நடத்தும் கைகளும்

1939ஆம் வருஷத்தில், ராஜாஜி சென்னை மாகாணத்தின் பிரதம மந்திரியாகவும் டாக்டர் டி. எஸ். எஸ். ராஜன் சுகாதார மந்திரியாகவும் இருந்தபோது நிறைவேறிய பொதுச் சுகாதாரச் சட்டம், இந்தியாவில் ஒரு மாகாணம் சுகாதாரத்துக்கென்றே தனியாக இயற்றிக்கொண்ட முதல் முழுச் சட்டம் என்று கருதப்படுகிறது. குடிநீர், சாக்கடை, கழிப்பிடம், தொற்றுநோய், கொசு, உணவு, தங்கும் விடுதி, சந்தை, திருவிழா என்று, ஜனங்கள் கூடி வாழ்வதால் உண்டாகும் சங்கடங்கள் ஏறக்குறைய அனைத்தையும் தொட்டுச் செல்லும் அந்தச் சட்டம், பெயரின் முன்பகுதியில் சென்னைக்குப் பதில் தமிழ்நாடு என்று மாற்றிக்கொண்டு, இன்றும் அமலில் இருக்கிறது. கொல்லைப்புறத் தொட்டியில் கொசுப்புழு வளரவிட்ட வீட்டுக்காரரைக் கேள்வி கேட்கும் அதிகாரத்தை நகராட்சிக்குக் கொடுப்பது அதுதான். 2020இல் கொரோனா பரவிய காலத்தில், முகக்கவசம் அணியாதவரிடம் 200 ரூபாயும் பொது இடத்தில் துப்பியவரிடம் 500 ரூபாயும் வசூலிக்க அரசு திருத்தம் செய்து கையிலெடுத்ததும் அதையேதான். எண்பது வருஷங்களைக் கடந்து ஜீவித்திருக்கும் இந்தச் சட்டம் எத்தனை முறை பிரயோகிக்கப்பட்டது, யார்மீது பிரயோகிக்கப்பட்டது, அதனால் என்ன பலன் விளைந்தது என்று ஆதியோடந்தமாக விசாரித்துத் தமிழில் எழுதிய நூல் ஒன்று என் பார்வைக்கு இதுவரை வந்ததில்லை.

இதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. சுகாதாரச் சட்டத்தைக் கற்பவர்கள் இரு சாரார். சட்டக் கல்லூரியிலிருந்து வருபவர்கள் அரசியல் சாசனத்தின் 21ஆவது ஷரத்தில் தொடங்கி உச்ச நீதிமன்றத்தின் பெரிய தீர்ப்புகளில் முடித்துக்கொள்கிறார்கள். வைத்தியக் கல்லூரியிலிருந்து வருபவர்களுக்கோ சட்டம் என்பது சமூக மருத்துவப் பாடநூலின் கடைசி அத்தியாயங்களில் ஒன்று, பரீட்சைக்கு முதல்நாள் மனப்பாடம் செய்ய வேண்டிய வருஷங்களின் ஜாபிதா. சட்டசபைக்கும் உச்ச நீதிமன்றத்துக்கும் நடுவே, ஒருவர் புகார் கொடுப்பதும், மற்றொருவர் வந்து பார்ப்பதும், நோட்டீஸ் அனுப்புவதும், மாதிரி எடுப்பதும், அறிக்கை வருவதும், வழக்குத் தொடர மேலதிகாரி அனுமதிப்பதும் அல்லது அனுமதியாமல் கோப்பை மூடுவதுமாகிய ஒரு நீண்ட பிரதேசம் கிடக்கிறது. இந்தச் சட்டங்களின் தலைவிதி அந்தப் பிரதேசத்தில்தான் நிர்ணயமாகிறது என்பதும், அங்கே போகாத படிப்பு அரைப் படிப்பே என்பதும் என் அபிப்பிராயம்.

நம்முடைய ஏற்பாட்டின் வேர் இங்கிலாந்தில் இருக்கிறது. எட்வின் சாட்விக் உழைக்கும் ஜனங்களின் சுகாதார நிலையைப் பற்றி 1842இல் வெளியிட்ட அறிக்கையும், அதன் விளைவாக 1848இல் வந்த சட்டமும், பின்னால் எல்லாவற்றையும் ஒன்றுசேர்த்த 1875ஆம் வருஷச் சட்டமும் எல்லாப் பாடநூல்களிலும் இருக்கின்றன. ஆனால் 1848ஆம் வருஷத்துத் தேசியச் சட்டம் வருவதற்கு முன்பே, லிவர்பூல் நகரம் தனக்கென்று ஒரு தனிச் சட்டத்தைப் பெற்று, 1847இல் டாக்டர் டங்கனைச் சுகாதார அதிகாரியாக அமர்த்திக்கொண்டது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. அங்கே ஆள் முன்னே வந்தார், தேசத்துச் சட்டம் பின்னே வந்தது. இந்தியாவிலோ 1857க்குப் பிறகு ராணுவச் சிப்பாய்களின் ஆரோக்கியத்தைப் பற்றி எழுந்த கவலையே மூலகாரணமாகி, 1864இல் சென்னை உட்பட மூன்று மாகாணங்களிலும் சுகாதாரக் கமிஷன்கள் அமைக்கப்பட்டன. பம்பாயில் பிளேக் நோய் கண்டதும் அவசர அவசரமாக 1897இல் தொற்றுநோய்ச் சட்டம் வந்தது. விரல்விட்டு எண்ணிவிடக்கூடிய சில பிரிவுகளே கொண்ட அந்தச் சட்டம் அதிகாரிகளுக்கு வரம்பில்லாத அதிகாரத்தைக் கொடுத்தது. புனாவில் வீடு வீடாக நுழைந்து சோதனை நடத்திய விதத்தில் ஜனங்கள் கொதித்துப் போனார்கள். அவ்வருஷம் ஜூன் மாதத்தில் பிளேக் கமிட்டித் தலைவர் ராண்ட், சாபேகர் சகோதரர்களால் சுடப்பட்டார். அமலைப் பற்றி இந்த தேசம் பெற்ற முதல் பாடம் அது.

அபராதத்தின் கதையும் விசித்திரமானது. 1860இல் இயற்றப்பட்ட இந்தியத் தண்டனைச் சட்டம், பொது ஊற்றையோ நீர்த்தேக்கத்தையோ அசுத்தப்படுத்துவதை ஒரு பிரிவிலும், காற்றைக் கெடுப்பதை அடுத்த பிரிவிலும் குற்றமாக்கி, இரண்டுக்கும் உச்ச அபராதம் 500 ரூபாய் என்று விதித்தது. அன்று அது ஒரு கூலிக்காரரின் பல வருஷ ஊதியம். பணக்காரருக்கும் உறைக்கக்கூடிய தொகை. 2024 ஜூலை 1இல் பாரதிய நியாய சம்ஹிதை அமலுக்கு வரும் வரையில், நூற்றறுபத்துநான்கு வருஷங்களாக அந்தத் தொகை அப்படியே இருந்தது. புதிய சட்டம் தண்ணீருக்கு அதை 5,000 ரூபாயாக உயர்த்தியிருக்கிறது. காற்றுக்கு 1,000 ரூபாய் போதும் என்று கருதிவிட்டது. போதாக்குறைக்கு, பொது ஊற்று, நீர்த்தேக்கம் என்ற சொற்களில் ஓடும் ஆறு அடங்காது என்று பழைய தீர்ப்புகள் சில வியாக்கியானம் செய்திருந்தபடியால், குளத்தைக் கெடுத்தவர் குற்றவாளியாகவும் ஆற்றைக் கெடுத்தவர் நிரபராதியாகவும் நிற்கும் விநோதமும் உண்டாயிற்று.

சாசன ஏற்பாட்டை விரைந்து சொல்லிவிடலாம். பொதுச் சுகாதாரம் மாநிலங்களின் அதிகாரப் பட்டியலில் ஆறாவதாக நிற்கிறது. தண்ணீரும் பெரும்பாலும் மாநில விஷயமே ஆகையால், 1974ஆம் வருஷ நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தைப் பாராளுமன்றம் மாநிலங்கள் சிலவற்றின் தீர்மானங்களைப் பெற்றே இயற்ற வேண்டியிருந்தது. தமிழ்நாடு சற்றுத் தாமதித்து அதை ஏற்றுக்கொள்ள, 1982 பிப்ரவரியில் நம்முடைய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் பிறந்தது. காற்றுச் சட்டம் 1981லும், போபால் விபத்துக்குப் பிறகு சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் 1986லும் வந்தன. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2010ஆம் வருஷச் சட்டத்தின் குழந்தை. ஏட்டில் நமக்குக் குறை ஒன்றும் இல்லை.

இனி, நான் சொன்ன அந்த நடுப் பிரதேசத்துக்குப் போவோம். நீர் மாசுச் சட்டத்தின் 21ஆவது பிரிவு, ஆலையிலிருந்து வெளியேறும் கழிவுநீரில் மாதிரி எடுப்பது எப்படி என்று கூறுகிறது. பரிசோதனைக்காக எடுக்கிறோம் என்று ஆலைக்காரருக்கு அந்த இடத்திலேயே நோட்டீஸ் கொடுக்க வேண்டும்; அவர் கண்ணெதிரில் மாதிரியை இரண்டாகப் பிரிக்க வேண்டும்; இரண்டையும் தனித்தனிப் புட்டியில் ஊற்றி, அடையாளமிட்டு, சீல் வைத்து, இரு தரப்பாரும் கையெழுத்திட வேண்டும்; ஒன்று வாரியத்தின் ஆய்வகத்துக்கு, மற்றொன்று ஆலைக்காரர் கோரினால் சட்டம் குறிப்பிடும் ஆய்வகத்துக்கு. இவற்றில் ஒரு படி தவறினாலும் ஆய்வறிக்கை நீதிமன்றத்தில் சாட்சியமாக ஏறாது. 1986இல் டில்லி உயர் நீதிமன்றத்தின் முன் வந்த ஒரு பானத் தொழிற்சாலையின் வழக்கில் நிகழ்ந்தது இதுவே: தொழிற்சாலைக்காரர் கேட்ட ஆய்வகத்துக்கு மாதிரி போகாமல் வேறோர் இடத்தில் சோதிக்கப்பட்டிருந்தது, கழிவுநீர் கெட்டதா நல்லதா என்ற கேள்விக்குப் போகாமலே அறிக்கை தள்ளுபடியாயிற்று. நீதிமன்றத்தின்மேல் குறை காண்பதற்கில்லை. ஒருவரைச் சிறைக்கு அனுப்பக்கூடிய சாட்சியம் சட்டம் சொன்ன வழியில் வரவேண்டும் என்பது நியாயமே. கொட்டும் மழையில், கால் வழுக்கும் வாய்க்கால் கரையில், ஒரு கையில் புட்டியும் மறு கையில் படிவமுமாக நிற்கும் உதவிப் பொறியாளருக்கு அந்த நியாயத்தை யாராவது செய்துகாட்டிக் கற்பித்தார்களா என்பதுதான் கேள்வி.

உணவு விஷயத்தில் இன்னும் பிரத்தியட்சமான உதாரணம் உண்டு. 1954ஆம் வருஷக் கலப்படத் தடைச் சட்டத்தின்படி மாதிரி மூன்றாகப் பிரிக்கப்பட்டு, வியாபாரி விரும்பினால் தம்மிடம் கொடுத்த பாகத்தை மத்திய ஆய்வகத்துக்கு அனுப்பிச் சோதிக்கக் கோரும் உரிமை பெற்றிருந்தார். டில்லியில் 1961 செப்டம்பரில் ஒருவரிடம் தயிர் மாதிரி எடுத்த மாநகராட்சி, அடுத்த வருஷம் மே மாதத்தில்தான் வழக்குத் தொடர்ந்தது. வியாபாரி தம் உரிமைப்படி மறுபரிசோதனை கேட்டு மாதிரியை அனுப்பியபோது, அது முற்றிலும் அழுகிவிட்டது, ஒன்றும் சொல்வதற்கில்லை என்று மத்திய ஆய்வகம் பதில் எழுதியது. எட்டு மாதம் வைத்திருந்த தயிர் வேறு என்ன ஆகும்? அரசுத் தரப்பின் தாமதத்தால் குற்றம் சாட்டப்பட்டவரின் உரிமை பறிபோயிற்று என்று கூறி உச்ச நீதிமன்றம் அவருடைய விடுதலையை உறுதிசெய்தது. அதன்பின் எத்தனையோ கலப்பட வழக்குகளில் எதிர்த்தரப்பு வக்கீல்களின் கைவசம் இருந்த பிரம்மாஸ்திரம் அந்தத் தீர்ப்பு. 2011இல் அமலுக்கு வந்த உணவுப் பாதுகாப்புச் சட்டம் மாதிரியை நான்காகப் பிரித்து, ஆய்வறிக்கைக்குப் பதினான்கு நாள் கெடு விதித்திருப்பதில் அந்தப் பழைய தயிருக்கும் ஒரு பங்கு இருக்கலாம் என்று நான் எண்ணுவதுண்டு.

இந்தக் காரியங்களையெல்லாம் செய்யும் மனிதர் யார்? முற்காலத்தில் சானிட்டரி இன்ஸ்பெக்டர் என்றும் இப்போது சுகாதார ஆய்வாளர் என்றும் அழைக்கப்படும் அவர், டெங்கு பரவும் ஐப்பசி கார்த்திகையில், கொசு ஒழிப்புப் பணியாளர்களுடன் தெருத் தெருவாகப் போய், தரைத்தொட்டிக்குள் டார்ச் விளக்கை அடித்துப் புழு நெளிகிறதா என்று பார்த்து, அபேட் மருந்தை ஊற்றச் செய்து, மாடியில் கிடக்கும் பழைய டயரையும் தேங்காய்ச் சிரட்டையையும் அப்புறப்படுத்தச் சொல்லி வருகிறார். தொட்டி வைத்திருக்கும் அம்மாளுக்கு ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்பதும், லிப்ட் குழியில் மாதக்கணக்காகத் தண்ணீர் தேங்கவிட்ட கட்டடக்காரருக்கு நோட்டீஸ் கொடுத்தாலும் போதாது என்பதும் அவருக்குத் தெரியும். அதே மனிதர் பிறப்பு இறப்புப் பதிவையும், குப்பை வண்டியையும், தெருநாய்ப் புகாரையும், திருவிழா முன்னேற்பாட்டையும் கவனிக்க வேண்டியிருக்கிறது. கோர்ட்டுக்கு ஒரு நாள் சாட்சி சொல்லப் போனால், அன்றைய வார்டு வேலை அத்தனையும் மறுநாளைக்கு ஏறிக்கொள்கிறது. வழக்குப் போடாமல் சமாதானமாக முடித்துக்கொள்ளும் அவருடைய சுபாவத்துக்கு லஞ்சம் ஒன்றே காரணம் என்று பேசுவது எளிது. சில இடங்களில் உண்மையும் ஆகலாம். ஆனால் அது முழு உண்மை அல்ல.

ஏனென்றால், லஞ்சத்தின் வாடை அதிகம் இல்லாத இடங்களிலும் இதே சுபாவத்தை ஆராய்ச்சியாளர்கள் கண்டிருக்கிறார்கள். இங்கிலாந்தில் தொழிற்சாலை ஆய்வாளர்களின் கோப்புகளைப் படித்த கார்ஸன், எழுத்தில் பதிவான ஆயிரக்கணக்கான மீறல்களில் அபூர்வமாகச் சிலவே வழக்கு மன்றத்தை எட்டின என்று 1970இல் எழுதினார். ஆற்றுநீர் மாசு அதிகாரிகளுடன் கூடவே சுற்றித் திரிந்து கீத் ஹாக்கின்ஸ் 1984இல் வெளியிட்ட நூல் இன்னும் நுட்பமானது: அந்த அதிகாரிகளுக்கு வழக்கு என்பது வெற்றி அல்ல, தங்கள் பேச்சுவார்த்தை தோற்றதன் அடையாளம், தண்ணீர் எவ்வளவு கெட்டது என்பதைக் காட்டிலும், கெடுத்தவர் வேண்டுமென்றே ஏமாற்றினாரா என்பதே அவர்களை நீதிமன்றத்துக்குத் துரத்தியது. பிறகு 1992இல் அயர்ஸும் பிரெய்த்வெய்ட்டும், அடியில் அறிவுரை, நடுவில் எச்சரிக்கையும் அபராதமும், உச்சியில் உரிமம் ரத்து என்று படிப்படியாக உயரும் ஒரு கூம்பை வகுத்து, உச்சியில் உண்மையான பயம் இருந்தால்தான் அடியில் சொல்லும் அறிவுரை செல்லும் என்று வாதித்தார்கள். இந்தக் கூம்பைத் தமிழ்நாட்டின்மேல் வைத்துப் பார்த்தால் ஒரு விஷயம் பளிச்சென்று தெரிகிறது: நம்முடையதில் நடுப்பகுதி இல்லை. அடியில் சொல்லிப் பார்ப்பது இருக்கிறது. 1988இல் நீர்ச் சட்டத்தில் சேர்த்த 33ஏ பிரிவின்படி மின்சாரத்தைத் துண்டித்து ஆலையை மூடும் உச்சியும் இருக்கிறது. இடையில் கால் வைக்கப் படி இல்லாததால், அதிகாரி வருஷக்கணக்கில் அடியிலேயே நின்றுவிட்டு, ஒரு நாள் திடீரென்று உச்சிக்குத் தாவ வேண்டியிருக்கிறது. அப்படித் தாவவும் பெரும்பாலும் நீதிமன்றமே பின்னாலிருந்து தள்ள வேண்டியிருக்கிறது.

நீதிமன்றங்கள் இதற்கு முன்வந்த வரலாறு பெருமைக்குரியதுதான். மத்தியப் பிரதேசத்தின் ரத்லம் நகரில், திறந்த சாக்கடையும் சாராய ஆலைக் கழிவும் சூழ வாழ்ந்த ஒரு பகுதி மக்கள், குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133ஆவது பிரிவைப் பிடித்துக்கொண்டு மாஜிஸ்திரேட்டிடம் போனார்கள். பணமில்லை என்று நகராட்சி சொன்ன சாக்கை, 1980இல் நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர் ஏற்க மறுத்துவிட்டார். அந்தத் தீர்ப்பைப் போற்றாதவர் இல்லை; ஆனால் அதன் ஆதாரம் ஒரு சாதாரண மாஜிஸ்திரேட் கோர்ட்டில் ஒரு தெருவார் கொடுத்த மனுவே என்பதும், அதே பிரிவு இன்று 152 என்ற எண்ணுடன் எல்லா ஊர்களிலும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது என்பதும் வகுப்பறையில் அழுத்திச் சொல்லப்படுவதில்லை.

பாலாற்றங்கரையின் தோல் தொழிற்சாலைகளைப் பற்றி வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடர்ந்த வழக்கில், 1996 ஆகஸ்ட் 28இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு உலகெங்கும் மேற்கோள் காட்டப்படுவது. சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுமையாகவோ பாழானது என்ற கணக்கு அதில் இருக்கிறது. முன்னெச்சரிக்கைத் தத்துவமும், கெடுத்தவரே கொடுக்க வேண்டும் என்ற தத்துவமும் இந்த தேசத்துச் சட்டத்தின் அங்கங்களாயின. தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிற்சாலைகள்மேல் தலா 10,000 ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. இழப்பைக் கணக்கிட ஓர் ஆணையமும் அமைந்தது. பாடநூல்கள் இத்தோடு முற்றுப்புள்ளி வைக்கின்றன. ஆனால் 2025 ஜனவரியில் அதே பாலாறு மறுபடியும் உச்ச நீதிமன்றத்தின் முன் நின்றது. கிடைக்காதவர்களுக்கு நஷ்டஈடு கொடுக்கவும், ஆற்றைச் சீர்செய்வதைக் கண்காணிக்கவும் புதிதாக ஆணையிட வேண்டியிருந்தது. ஏறத்தாழ முப்பது வருஷம்! தீர்ப்பைப் படித்த மாணவர் அந்த முப்பது வருஷத்தையும் படித்தாலொழிய, தீர்ப்பையே படித்தவர் ஆகமாட்டார்.

நொய்யல் ஆற்றின் கதை இதைவிடத் தெளிவாகப் பேசும். திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் கழிவு சேர்ந்து சேர்ந்து, பாசனத்துக்கென்று 1992இல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணை சாயக் குட்டையாக மாறியது. எந்த அணையைத் திறந்துவிடச் சொல்லி விவசாயி கேட்க வேண்டுமோ, அந்த அணையைத் திறக்காதே என்று கரூர்ப் பக்கத்து விவசாயி கெஞ்சும்படி ஆயிற்று. ஆயக்கட்டுதாரர்கள் தொடர்ந்த வழக்கில் 2006 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் செய்த காரியம், மேலே சொன்ன கூம்பின் நடுப்பகுதியைத் தானே கட்டிக்கொடுத்ததற்குச் சமம். வெளியேற்றும் சாயநீருக்கு லிட்டருக்கு 6 பைசா, சில மாதம் போனால் 8 பைசா, பிறகு 10 பைசா என்று ஏறிக்கொண்டே போகும் அபராதத்தை விதித்து, 2007 ஜூலை முடிவுக்குள் ஒரு சொட்டுக்கூட வெளியே விடாத ஏற்பாட்டைச் செய்துகொள்ள வேண்டும் என்று கெடு வைத்தது. 2009இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. கெடு தாண்டியது, அவமதிப்பு மனு வந்தது, 2011 ஜனவரி 28இல் பட்டறைகளை மூடி மின்சாரத்தைத் துண்டிக்க உத்தரவாயிற்று. ஆற்றின் துயரமும் உண்மை, வேலையிழந்து சொந்த ஊர் திரும்பிய தொழிலாளியின் துயரமும் உண்மை. 1990களிலேயே, பட்டறைகள் பெருகத் தொடங்கியபோதே, இசைவாணை கொடுக்கும் மேஜையில் தினமும் கொஞ்சம் கண்டிப்பு இருந்திருந்தால், இருவரில் ஒருவரைப் பலியிடும் நிலை வந்திருக்காது என்பது என் துணிபு. ரிட் மனு அவசர சிகிச்சை. அன்றாட நிர்வாகம் செய்யவேண்டிய பத்தியத்தை அது செய்ய முடியாது.

அமல்படுத்த வேண்டியவரே குற்றவாளியாகவும் இருந்துவிட்டால் என்ன ஆகும் என்பதற்குக் கையால் மலம் அள்ளுவதைத் தடுக்க 1993இல் வந்த சட்டமே சாட்சி. பல ஊர்களில் அந்த வேலையை வாங்கிக்கொண்டிருந்தவை உள்ளாட்சி மன்றங்களே. வழக்குத் தொடரவோ அதே நிர்வாக அதிகாரியின் முன் அனுமதி வேண்டும். அந்தச் சட்டம் உறங்கியதில் ஆச்சரியமில்லை. 2013இல் புதுச் சட்டம் வந்தது. சாக்கடைக்குள் இறங்கி மாண்டவர் குடும்பத்துக்கு 10 லட்சம் என்று 2014லும், 30 லட்சம் என்று 2023லும் உச்ச நீதிமன்றம் விதித்தது. மரணத்துக்குப் பின் கொடுக்கும் தொகை உயர்ந்த அளவுக்கு, மரணத்துக்கு முன் மேன்ஹோல் வாயில் நின்று தடுக்கும் கை வலுப்பெறவில்லை.

இப்போது காற்று வேறு திசையில் வீசுகிறது. 2023ஆம் வருஷத்து ஜன விஸ்வாஸ் சட்டமும் 2024ஆம் வருஷத்து நீர்ச் சட்டத் திருத்தமும், சுற்றுச்சூழல் மீறல்கள் பலவற்றுக்குச் சிறையை எடுத்துவிட்டு, தீர்வு அதிகாரி ஒருவர் 10,000 ரூபாய் முதல் 15 லட்சம் வரை அபராதம் விதிக்கும் முறையைக் கொண்டுவந்திருக்கின்றன. சிறைத் தண்டனை போனதே என்று அழுபவர்களோடு சேர்ந்து அழ எனக்கு மனமில்லை. எழுத்தில் மட்டும் இருந்த சிறை யாரையும் பயமுறுத்தியதில்லை. இல்லாத நடுப்படி இப்போதாவது கிடைத்தது என்று மகிழவும் இடமுண்டு. ஆனால் அபராதம் விதிப்பவர் ஆட்சித்துறையைச் சேர்ந்த அதிகாரி. விதித்த தொகை வசூலானதா, பெரிய ஆலை பதினைந்து லட்சத்தைத் தொழில் நடத்தும் செலவுகளில் ஒன்றாக எழுதிக்கொண்டதா என்பதை வெளியாரும் அறியும்படி அந்த உத்தரவுகள் பிரசுரமாகாவிட்டால், பழைய இருட்டுக்குப் பதில் புது இருட்டு வந்ததாகவே முடியும்.

தமிழ்நாட்டில் இந்த ஆராய்ச்சிக்கு வேண்டிய நிலம் ஏற்கெனவே பண்பட்டிருக்கிறது. பொதுச் சுகாதாரத்துக்கென்று தனி இயக்குநரகமும், அதற்கென்றே பயின்ற அதிகாரி வர்க்கமும், கூடவே 1939ஆம் வருஷச் சட்டமும் இருப்பதே இம்மாநிலத்தைப் பிற மாநிலங்களிலிருந்து வேறுபடுத்துகிறது என்று மோனிகா தாஸ் குப்தா முதலியோர் 2009இல் எழுதிய ஆய்வு காட்டுகிறது. திண்டுக்கல்லை அடுத்த காந்திகிராமத்தில் சுகாதார ஆய்வாளர் பயிற்சி நடக்கிறது. சட்டக் கல்லூரிகளில் சுற்றுச்சூழல் சட்டம் கட்டாயப் பாடம். இரண்டு வகுப்புகளும் ஒன்றையொன்று எட்டிப் பார்ப்பதில்லை என்பதுதான் குறை. மாதிரிப் புட்டிக்குச் சீல் வைப்பதைச் சட்ட மாணவர் ஒரு நாள் நின்று பார்க்கட்டும்; குறுக்கு விசாரணையில் என்ன கேட்பார்கள் என்பதை ஆய்வாளர் பயிற்சியிலேயே ஒரு முறை பதில் சொல்லிப் பழகட்டும். அரசும் வாரியமும் வருஷந்தோறும் மாவட்ட வாரியாக, எடுத்த மாதிரி, கொடுத்த நோட்டீஸ், போட்ட வழக்கு, முடிந்த வழக்கு, வசூலான அபராதம் ஆகிய கணக்கைத் தமிழில் அச்சிட்டு வெளியிட வேண்டும். அது வரும் வரையில் காத்திருக்க வேண்டியதும் இல்லை. 2005ஆம் வருஷத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி, 10 ரூபாய்க் கட்டணத்துடன் மனுப் போட்டால், முப்பது நாளுக்குள் பதில் சொல்ல உங்கள் நகராட்சியும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகமும் கடமைப்பட்டவை.